மேசையில் வைத்திருக்கும் பெப்பரோமியாவின் இலைகள் ஏன் உதிர்கின்றன?

தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுகிறேன், வெயில் படாமல்தான் வைத்திருக்கிறேன், இருந்தும் இலை ஒவ்வொன்றாக விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த டம்ளர் மீதுதான் எனக்குச் சந்தேகம்.

நர்சரிகளில் பெப்பரோமியா என்று விற்பது பெரும்பாலும் தடித்த, பளபளப்பான இலையுள்ள ஒப்டுசிஃபோலியா வகை. ஒரு அடி உயரத்தோடு நின்றுவிடும். மெக்சிகோ, கரீபியத் தீவுகள், தென்னமெரிக்காவின் வட பகுதிக் காடுகளில் மரத்தைத் தொற்றியும் வளரும் செடி இது. வேர் சிறியது, ஆழம் போகாது. குடிக்கிற தண்ணீரை இலையிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். மிளகும் வெற்றிலையும் இதற்குச் சொந்தக்காரர்கள்தான். பூக்கதிரைப் பார்த்தாலே மிளகின் சாயல் தெரியும். அதற்காகக் கொடிக்காலுக்குப் பாய்ச்சுவதுபோல இதற்கும் தண்ணீர் விட்டால் வேர் அழுகிவிடும்.

கிழமை பார்த்து ஊற்றாதீர்கள். இலையை லேசாக மடக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் தண்ணீர் வேண்டாம். துவண்டு வளைந்து, மண்ணும் காய்ந்திருந்தால், அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றலாம். இலை துவண்டும் மண் ஈரமாக இருக்கிறதா? வேர் அழுக ஆரம்பித்துவிட்டது, இன்னும் ஊற்றினால் செடி போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் என் சென்னை வீட்டில் பத்து நாளானாலும் தொட்டி காய்வதில்லை.

அடுத்தது மண். நர்சரியில் செம்மண்ணை அழுத்திக் கொடுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். தென்னை நார்த்தூள் இரண்டு பங்கு, பெர்லைட் (மண்ணில் தண்ணீர் தேங்காமல் வடியச் செய்யும் எடையில்லாத வெள்ளைக் குறுணை) ஒரு பங்கு, கைப்பிடி மண்புழு உரம் போதும். பெரிய தொட்டி வாங்க ஆசை வரும், வேண்டாம். மண் அதிகமானால் ஈரமும் அதிக நாள் தங்கும். நாலு அங்குலத் தொட்டியே இதற்குத் தாராளம்.

வெளிச்சம் பற்றியும் ஒரு வார்த்தை. வெயில் படக்கூடாது என்றால் இருட்டு மூலை என்று அர்த்தமில்லை. கிழக்கு ஜன்னலோரம் அருமையான இடம். மேற்கு ஜன்னலில் சித்திரை வெயில் இலையைச் சுட்டுவிடும். ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் ஆகாது.

வேர் ஏற்கெனவே அழுகியிருந்தால் அழுகாத தண்டாகப் பார்த்து வெட்டி, ஒரு நாள் காயவிட்டு, லேசான ஈரமுள்ள நார்த்தூளில் நடுங்கள். சில வாரங்களில் வேர் விடும். காம்போடு கிள்ளிய தனி இலையும் முளைக்கும். ஆனால் உங்களுடையது வெள்ளை, மஞ்சள் கலந்த இலையுள்ள வகை என்றால் தண்டையே நடுங்கள். இலையிலிருந்து வரும் கன்று பெரும்பாலும் வெறும் பச்சையாகத்தான் வரும்.

அப்புறம், பூனை இருக்கிறது என்று கேட்டிருந்தீர்களே, பயம் வேண்டாம். பூனை, நாய்க்கு இது நஞ்சில்லை. செடியைத் தட்டிவிடாமல் பார்த்துக்கொண்டால் சரி.