பட்டறைப் பக்கம்: மலைக்குளிரும் நைட்ரஸ் போத்தலும்

இம்முறை வந்த கடிதங்களுள் நான்கு நைட்ரஸை, அதாவது எஞ்சினின் இழுவையைக் கூட்டுவதற்காகச் செலுத்தும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற காஸைத் தொட்டுக் கேட்டிருந்தமையால், கார்புரேட்டர், கிளட்ச் பற்றிய ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவைத்துள்ளேன்; எழுதிய அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: ஐயா, நான் ரிங்லெட்டில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். செப்பாங்கில் டிராக் (நேர்கோட்டுக் குறுந்தூர) பந்தயம் ஓடுவதற்காகத் தயார் செய்துவரும் காருக்கு, 10 பவுண்டு நைட்ரஸ் போத்தலை ஈப்போவில் நிரப்பிக்கொண்டு வந்தோம். அங்கே நண்பகலில் அழுத்தமானி 900 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அளவு) காட்டியது. மறுநாள் விடியற்காலையில் பார்த்தால் 640தான் இருந்தது. வால்வில் சோப்பு நுரை தடவியும் ஒரு குமிழ்கூட வரவில்லை. காஸ் எங்கே போயிற்று? நிரப்பிக் கொடுத்தவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: காஸ் எங்கும் போகவில்லை, தம்பி. நிரப்பியவர்மீதும் குற்றமில்லை. கேமரன் மலையின் குளிர்தான் உங்கள் மானியின் முள்ளை இறக்கியிருக்கிறது.

டயரில் அடைத்த காற்றைப் போல நைட்ரஸைக் கருதுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. போத்தலுக்குள் இருப்பதில் பெரும்பகுதி திரவம். அதன் மேலே கொஞ்சம் ஆவி. அந்த ஆவியின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது திரவத்தின் அளவன்று, அதன் வெப்பநிலை. 0 பாகை செல்சியஸில் மானி ஏறத்தாழ 440 பி.எஸ்.ஐ. காட்டும்; 15 பாகையில் 640, 20 பாகையில் 720, 30 பாகையில் 900, 35 பாகையில் 1000 என்று அது ஏறிச் செல்லும். ஈப்போவின் நண்பகலையும் ரிங்லெட்டின் விடியற்காலையையும் இந்த வரிசையில் பொருத்திப் பாருங்கள். உங்கள் இரண்டு அளவுகளும் அப்படியே அதில் உட்கார்ந்துகொள்ளும். மலையின் உயரம் காரணமாக இருக்குமோ என்று ஐயுற வேண்டாம். வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே இரண்டு பி.எஸ்.ஐ. அளவுக்குத்தான் குறைவு.

ஆகவே, போத்தலில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை மானி சொல்லாது. கால்வாசி திரவம் உள்ள போத்தலும் முழுப் போத்தலும் ஒரே வெப்பநிலையில் ஒரே அளவைத்தான் காட்டும். அளவு தெரிய வேண்டுமானால் நிறுத்துப் பார்க்க வேண்டும். வெறும் போத்தலின் எடையை முதலிலேயே குறித்து வைத்துக்கொண்டு, அதற்குமேல் நாலரை கிலோ இருந்தால் முழுமை என்று கொள்ளுங்கள். உங்கள் ஊரில் தராசுக்கா பஞ்சம்? கொழுந்து நிறுக்கும் தராசே இதற்குப் போதும்.

கேள்வி: அழுத்தம் குறைந்தால் எஞ்சினுக்குள் நைட்ரஸும் குறைவாகத்தானே போகும்? அப்படியென்றால் குளிரில் அப்படியே ஓட்டுவது எஞ்சினுக்குப் பாதுகாப்பு என்று என் நண்பர் வாதிடுகிறார். சரியா? (வாசகர், பீடோர்)

பதில்: பாதி சரி. அந்தப் பாதியை நம்பித்தான் பலர் பிஸ்டனைப் பறிகொடுக்கிறார்கள்.

நைட்ரஸ் தனியாகப் போவதில்லை. அதனுடன் கூடுதல் பெட்ரோலும் செலுத்தப்படுகிறது. பெட்ரோலைத் தள்ளுவது பம்ப். அதற்குக் குளிரும் வெயிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நைட்ரஸைத் தள்ளுவதோ போத்தலின் சொந்த அழுத்தம். 950 பி.எஸ்.ஐ.க்குப் பொருத்திய ஜெட்டில் (பாயும் அளவைக் கட்டுப்படுத்தும் சிறுதுளைத் துண்டு அது) 640 பி.எஸ்.ஐ.யில் ஓட்டினால், அடர்த்தி மாறாது என்ற கணக்கின்படி, நைட்ரஸ் 18 விழுக்காடு குறைய வேண்டும். குளிர்ந்த திரவம் அடர்த்தி கூடியது என்பதால் உண்மையான இழப்பு அதைவிடக் குறைவுதான். ஆனாலும் கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடும். கார் இழுக்காது, கரும்புகை கக்கும், பிளக் கறுத்துப்போகும். இந்த அளவில் எஞ்சின் உடைவதில்லை என்பது உண்மையே.

உடைவது அடுத்த கட்டத்தில். குளிரில் கார் இழுக்கவில்லை என்று கண்டவர், காரணத்தை ஆராயாமல் பெரிய நைட்ரஸ் ஜெட்டை மாட்டுவார், அல்லது பெட்ரோல் ஜெட்டைச் சிறிதாக்குவார்; மலையில் அது நன்றாகவே ஓடும். அதே காரைச் சமவெளிக்கு இறக்கி, 33 பாகை வெயிலில் பந்தயத்துக்கு நிறுத்தும்போது போத்தல் தானாகவே 950ஐத் தாண்டி நிற்கும். இப்போது நைட்ரஸ் மிகுதி, பெட்ரோல் பற்றாக்குறை. எஞ்சின் தட்டத் தொடங்கிச் சில நொடிகளில் பிஸ்டன் உருகிவிடும். நடுவில் ஐம்பது காசு அளவுக்கு ஓட்டை விழுந்த பிஸ்டன் ஒன்று என் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. நானே இளமையில் ஜெட் மாற்றிய கார் அது என்பதால், வருகிறவர்களிடம் அதன் வரலாற்றை நான் சுருக்கமாகவே சொல்வது வழக்கம்.

எனவே முதலில் 900க்கும் 1000க்கும் இடையில், உங்கள் கருவித்தொகுதியைத் தயாரித்தவர் சொல்லும் அழுத்தம் ஒன்றை முடிவு செய்யுங்கள். ஜெட், எரிபொருள், தீப்பொறி நேரம் அனைத்தையும் அந்த ஓர் அழுத்தத்துக்கே பொருத்துங்கள். பிறகு மலையானாலும் சமவெளியானாலும் புறப்படும் நொடியில் மானி அதே எண்ணில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மாற்ற வேண்டியது போத்தலின் வெப்பத்தை, ஜெட்டை அன்று.

கேள்வி: என் தம்பி இங்கிலாந்தில் வேலை செய்கிறான். அங்கே சாண்டா பாட் என்னும் திடலில் கால் மைல் ஓட்டம் ஓடுகிறான். அக்டோபரில் வெளியே 10 பாகைதான் இருக்குமாம். வரிசையில் காத்திருக்கும்போதே போத்தல் குளிர்ந்துவிடுவதாகவும், ஊதுவிளக்குத் தீயை இரண்டு நிமிடம் காட்டினால் போதும் என்று உடனிருப்பவர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறான். அப்படிச் செய்யலாமா? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: கூடவே கூடாது. இதழ் வரும்வரை காத்திராமல் இன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். தீ பட்ட அலுமினியப் போத்தலின் உலோகம் வெளியே எதுவும் தெரியாமலே பலமிழக்கும். ஒரே இடத்தில் கடுமையாகச் சூடேறினால் நைட்ரஸே சிதைந்து வெடிக்கவும் கூடும். அமெரிக்காவின் டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிகள், கடையில் விற்கும், வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி கொண்ட போர்வை வகைச் சூடேற்றியை மட்டுமே அனுமதித்து, வெளியிலிருந்து வேறு எவ்வகையிலும் போத்தலைச் சூடாக்குவதைத் தடைசெய்கின்றன.

அந்தப் போர்வை 12 வோல்ட்டில் இயங்கும். 20 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும் என்பதால், ரிலேயும் ஃபியூசும் வைத்துத் தடித்த வயரில் இணைக்க வேண்டும். 300 வாட் போர்வை ஒன்று முழுப் போத்தலை 15 பாகையிலிருந்து 32 பாகைக்குக் கொண்டுவர, என் கணக்கில் இருபது நிமிடம் ஆகும். 10 பாகையிலிருந்து என்றால் இன்னும் கூடும். வரிசையில் நின்றுகொண்டு அவசரப்படுவதால் பயனில்லை. கூடாரத்திலேயே சூடாக்கி, போத்தலின் மேல் காப்புறை ஒன்றையும் சுற்றி, அதன்பிறகே வரிசைக்குப் போகச் சொல்லுங்கள்.

சூடேற்றியை நிறுத்தும் கருவியில் இருவகை உண்டு. போத்தலின் மேற்பரப்பு வெப்பத்தைப் பார்த்து நிறுத்துவது ஒன்று. உள்ளே திரவம் சூடாகுமுன்பே உலோகம் சூடாகிவிடுவதால் அது முந்திக்கொண்டு நின்றுவிடும். அழுத்தத்தைப் பார்த்து நிறுத்துவது மற்றொன்று. துல்லியத்தில் இதுவே மேல். ஆனால் அந்த உணர்கருவி வால்வுக்கு அப்பால் குழாயில் பொருத்தப்பட்டிருந்தால், வால்வு மூடியிருக்கையில் அதற்குப் போத்தலின் நிலை தெரியாது; அழுத்தம் ஏறவில்லை என்று எண்ணி ஓயாமல் சூடாக்கிக்கொண்டே இருக்கும். வால்வைத் திறந்துவிட்டுத்தான் போர்வையின் சுவிட்சைத் தொட வேண்டும் என்பதை உங்கள் தம்பி பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

ஓட்டத்தின் நடுவிலும் அழுத்தம் இறங்கும். நம் கோயில் திருவிழாக்களில் அன்னதானத்துக்குப் பெரிய அடுப்பை எரிக்கும்போது, காஸ் சிலிண்டரின் வெளிப்புறம் வியர்த்துச் சில்லிட்டு, அடுப்பின் சுவாலை தணிந்துபோவதையும், சமையற்காரர் சிலிண்டரைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைப்பதையும் பார்த்திருப்பீர்கள். திரவம் ஆவியாகும்போது தன் வெப்பத்தைத் தானே தின்கிறது. நைட்ரஸுக்கும் அதே கதைதான். போத்தலில் குறைவாக இருக்க இருக்க வீழ்ச்சி விரைவாகும். ஆகையால் குளிர்நாளில் கால்வாசிப் போத்தலை நம்பி ஓடக்கூடாது. புறப்படுமுன் குழாயில் தங்கிய ஆவியை வெளியேற்றும் பர்ஜையும் ஒரு நொடி, இரண்டு நொடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பார்வையாளர்களுக்காக வெண்புகை காட்டிக்கொண்டிருந்தால், பாடுபட்டு ஏற்றிய அழுத்தம் அதிலேயே போய்விடும்.

கேள்வி: என் மகன் நைட்ரஸ் போத்தலைக் காரின் பின்பெட்டியிலேயே வைத்திருக்கிறான். எங்கள் தோட்டத்தில் காரை வெட்டவெளியில்தான் நிறுத்த முடியும். சூடு நல்லதென்றால் இதுவும் நல்லதுதானே? (ஒரு தாய், பஹாவ்)

பதில்: இல்லை, அம்மா. சூடு 36.4 பாகைவரைதான் நமக்கு உதவும். அதைத் தாண்டினால் உள்ளே திரவம், ஆவி என்ற வேறுபாடே மறைந்துவிடும். வெயிலில் பூட்டிக் கிடக்கும் காரோ 50 பாகையையும் எட்டும். முழுப் போத்தலில் திரவம் விரிந்து காலியிடத்தை நிரப்பிவிட்ட பின், பாகைக்குப் பாகை அழுத்தம் முன்னைவிட வேகமாக ஏறும். வால்விலுள்ள பாதுகாப்புத் தகடு, பொதுவாக 3000 பி.எஸ்.ஐ. அளவில், கிழிந்து முழு நைட்ரஸையும் வெளியே விட்டுவிடும். காருக்குள் ஆள் இருந்தால் மூச்சுத்திணறலும் குளிர்ப்புண்ணும் ஏற்படலாம். இதற்காகத்தான் பந்தயக் கார்களில் அந்தத் தகட்டிலிருந்து வெளியே ஒரு குழாய் போடுகிறார்கள்.

போத்தலைக் கழற்றி, வீட்டுக்குள் அல்லாமல், காற்றோட்டமுள்ள நிழலான கொட்டகையில் நிமிர்த்திக் கட்டி வைக்கச் சொல்லுங்கள். பொதுச்சாலையில் பந்தயம் ஓடுவது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ்க் குற்றம். ஆகவே பந்தயத் திடலுக்குப் போகும் நாளைத் தவிர வேறு எந்த நாளிலும் அந்தப் போத்தலுக்குக் காரில் வேலையில்லை என்பதையும் நான் சொன்னதாகவே அவரிடம் சொல்லலாம்.