பிரிசிஷனா, ஜாஸா? புதிய பேஸ் கிட்டார் வாங்கப் போகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

புதிதாக பேஸ் வாங்கப் போகிறவர்கள் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பிரிசிஷன், ஜாஸ் என்ற இரண்டு பேஸ் மாடல்களையும் பல வருடங்களாகச் சொந்தமாக வைத்து வாசிக்கிறேன். கையால் பழகித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஆறு மாதமா நண்பனோட பேஸை இரவல் வாங்கிப் பழகினேன். இப்ப சொந்தமா ஒண்ணு வாங்கப் போறேன். பிரிசிஷன், ஜாஸ் ரெண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் தெரியுது. உண்மையில என்ன வித்தியாசம்?

தம்பி, இரண்டுமே ஃபெண்டர் என்ற அமெரிக்க கிட்டார் நிறுவனம் கொண்டுவந்தவை. பிரிசிஷன் 1951-ல் வந்தது, ஜாஸ் 1960-ல். கம்பியின் நீளம் இரண்டிலும் 34 அங்குலம்தான். மாறுவது பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள்) நெக்கும் (இடது கை பிடிக்கும் நீண்ட கழுத்து).

பிரிசிஷனில் ஒரே பிக்கப். 1957-லிருந்து அது இரண்டு துண்டாக, ஒன்று சற்று மேலே ஒன்று சற்றுக் கீழே என்று உட்கார்ந்திருக்கும். தடித்த இரண்டு கம்பிக்கு ஒரு துண்டு, மெல்லிய இரண்டுக்கு இன்னொன்று. சத்தம் கட்டையாக, நடுப்பகுதி நிறைந்து வரும். ஜாஸில் இரண்டு பிக்கப், இரண்டுக்கும் தனித்தனி வால்யூம். பிரிட்ஜ் (உடல் பக்கம் கம்பிகள் தாங்கி நிற்கும் துண்டு) பக்கத்தில் இருப்பதை மட்டும் திறந்தால் ஒவ்வொரு ஸ்வரமும் கூர்மையாக, பிரிந்து கேட்கும். இரண்டையும் முழுதாகத் திறந்தால் நடுப்பகுதி கொஞ்சம் உள்வாங்கி, மேலும் கீழும் தெளிவாக இருக்கும்.

தனியாக அறையில் வாசித்தால் ஜாஸ்தான் மனதைக் கவரும். டிரம்ஸும் இரண்டு கிட்டாரும் சேர்ந்த பிறகு கேட்டுப் பாருங்கள். தனியாக வாசித்தபோது முரட்டுத்தனமாகத் தெரிந்த அந்த பிரிசிஷன் சத்தம், கூட்டத்துக்கு நடுவே தன் இடத்தில் அசையாமல் நிற்கும். ஜாஸ் அங்கே சோடை போய்விடும் என்று சொல்லவில்லை. ஆனால் டோனையும் இரண்டு வால்யூமையும் திருப்பித் திருப்பி அதற்கான இடத்தைத் தேட வேண்டியிருக்கும்.

அடுத்தது நெக். ஜாஸில் நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் படியும் துண்டு) அகலம் சுமார் 38 மில்லிமீட்டர். பிரிசிஷனில் மாடலைப் பொறுத்து 41-லிருந்து 44 வரை இருக்கும். எண்ணில் பார்த்தால் சின்ன வித்தியாசம். முதல் ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) இடது கையை வைத்தால் அடுத்த நொடியே தெரிந்துவிடும்.

கேள்வி: கடையில் ரெண்டையும் எடுத்து வாசிச்சேன் சார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு நல்லா இருக்கிற மாதிரி தோணுது. எப்படி ஒப்பிடுறது?

பலர் தடுமாறும் இடம் இதுதான். நானும் இங்கேதான் தவறினேன். என் முதல் பேஸைப் பளிச்சென்ற அந்தச் சத்தத்துக்காகவே வாங்கினேன். இரண்டு மாதத்தில் கம்பி பழையதாகி அந்தப் பளிச்சு போய்விட்டது. கைக்கு ஒத்துவராத தடித்த நெக் மட்டும் மிஞ்சியது. நான் கேட்டு மயங்கியது புதுக் கம்பியைத்தான், பேஸை அல்ல.

அதனால் முதலில் ஆம்பில் செருகாமலே வாசியுங்கள். நெக்கைப் பிடித்துக் கீழிருந்து மேல்வரை கையை ஓட்டுங்கள். விளிம்பில் ஃபிரெட்டின் முனை உறுத்துகிறதா? கட்டைவிரல் இயல்பாக உட்காருகிறதா? பிறகு வாரை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நில்லுங்கள். கையை எடுத்ததும் நெக் தரையை நோக்கிச் சாய்கிற பேஸ், ஒரு மணி நேரக் கச்சேரியில் இடது தோளைப் படுத்தி எடுத்துவிடும்.

அதன்பின் ஆம்ப். ஒரே ஆம்ப், டோன் குமிழ்கள் எல்லாம் நடுவில். சத்த அளவு இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும், ஏனென்றால் கொஞ்சம் உரக்கக் கேட்பது எப்போதும் நல்லதாகவே தோன்றும். இரண்டிலும் ஒரே நான்கு ஸ்வரங்களை ஒரே இடத்தில் மீட்டுங்கள். கம்பி ஒன்றில் புதுசு, மற்றதில் பழசு என்றால் சத்தத்தை வைத்து முடிவு எடுக்கவே வேண்டாம்.

கடைசியாக, எல்லாவற்றிலும் மெல்லிய ஜி கம்பியில் ஐந்தாவது ஃபிரெட்டிலிருந்து ஏழாவது வரை ஒவ்வொன்றாக மீட்டி, ஸ்வரம் தானாக அடங்கும்வரை காத்திருங்கள். பக்கத்து ஸ்வரம் நீளமாக ஒலிக்க, ஒன்று மட்டும் சட்டென்று செத்துவிட்டால் அது டெட் ஸ்பாட். நல்ல பேஸிலும் லேசாக இருக்கும், அது மரத்தின் இயல்பு. ஆனால் ஒரே மாடலில் இரண்டு இருந்தால், அது குறைவாக உள்ளதை எடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. கை சின்னது. ஜாஸ் நெக் ஒல்லி என்கிறார்கள், அதையே வாங்கித் தரலாமா?

ஐயா, ஒல்லி வேறு, நீளம் வேறு. ஜாஸின் நெக் ஒல்லியானாலும் நீளம் 34 அங்குலம்தான். முதல் ஃபிரெட்டை எட்டுவதற்குள் குழந்தையின் தோள் முழுதாக விரிந்துவிடும். கம்பி நீளம் குறைந்த, 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பேஸ் பாருங்கள். அதை விளையாட்டுச் சாமான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பால் மெக்கார்ட்னி கையில் பார்த்திருப்பீர்களே, வயலின் வடிவ ஹாஃப்னர், அதுவும் ஷார்ட் ஸ்கேல்தான். தடித்த கம்பி கொஞ்சம் தளர்வாக, சத்தம் உருண்டையாக இருக்கும். கம்பி வாங்கும்போதும் ஷார்ட் ஸ்கேல் என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: புது ஜாஸ் வாங்கினேன். ரெண்டு வால்யூமும் முழுசா இருந்தா அமைதியா இருக்கு. ஒண்ணைக் குறைச்சா ஆம்பில் "ம்ம்ம்"னு இரைச்சல். பழுதா?

பழுது இல்லை, நிம்மதியாக இருங்கள். இரண்டு பிக்கப்பும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டவை. சமமாகத் திறந்திருக்கும்போது ஒன்று வாங்கும் இரைச்சலை மற்றது ரத்து செய்கிறது. ஒன்றைக் குறைத்ததும் அந்தச் சமன் கெடுகிறது. பிரிசிஷனில் இரண்டு துண்டும் எப்போதும் சேர்ந்தே வேலை செய்வதால் இந்தத் தொல்லை கிடையாது.

கேள்வி: ஆக்டிவ் வாங்கலாமா, பாசிவ் போதுமா?

முதல் பேஸுக்கு பாசிவ் போதும். பாசிவில் பேட்டரி கிடையாது. ஆக்டிவில் உள்ளே ஒரு ப்ரீஆம்ப் (சிக்னலைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சுற்று), பெரும்பாலும் 9 வோல்ட் பேட்டரி. கட்டையையும் கூர்மையையும் பேஸிலேயே கூட்டிக் குறைக்கலாம். 1976-ல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே இதில் பேர்போனது. வாங்கினால் ஒரு பழக்கம் வேண்டும்: வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். செருகியிருக்கும்வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: ஐந்து கம்பி எடுத்தால் பின்னால் உதவும் என்கிறார்களே?

வாசிக்கிற பாட்டில் ஐந்தாவது கம்பியான அந்தத் தாழ்ந்த பி தேவைப்பட்டால் எடுங்கள். நான்கு கம்பி பேஸின் தடித்த இ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ், பி சுமார் 31. சின்னப் பயிற்சி ஆம்பில் அந்த ஆழம் கேட்கவே கேட்காது.

கேள்வி: அண்ணா, பெட்டியைப் பிரிச்சு வாசிச்சா கம்பி ஃபிரெட்டில் உரசி கர்ருனு சத்தம் வருது. திருப்பி அனுப்பிடவா?

அவசரப்படாதே தம்பி. மரம் ஈரத்துக்கும் வெயிலுக்கும் அசையும். பயணத்தில் வந்த புது பேஸில் இது சகஜம்.

முதலில் சரியாக டியூன் செய். தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃபிரெட் பக்கம் பார். கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி வேண்டும். கம்பி அப்படியே படுத்திருந்தால் நெக் நேராகிவிட்டது, உரசல் முதல் ஐந்து ஃபிரெட்டுக்குள்தான் வரும். ட்ரஸ் ராடை (நெக்கின் உள்ளே அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) கால் சுற்று தளர்த்தி, மறுபடி டியூன் செய்து பார். ஒரே மூச்சில் அதிகம் திருகாதே. மேல் ஃபிரெட்டுகளில் உரசினால் பிரிட்ஜில் கம்பியைக் கொஞ்சம் உயர்த்து. 12-ஆவது ஃபிரெட்டில் தடித்த கம்பிக்கு சுமார் 2.5 மில்லிமீட்டர், மெல்லியதற்கு 2 என்று வைத்தால் பெரும்பாலான கைகளுக்குச் சரியாக இருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் உரசினால் அங்கே ஒரு ஃபிரெட் தூக்கியிருக்கிறது. அப்போது தயங்காமல் திருப்பி அனுப்பு.

கேள்வி: எங்கிட்ட ஏற்கனவே பிரிசிஷன் இருக்கு. ஜாஸ் சத்தத்து மேல ஆசை. இதை வித்துட்டு அதை வாங்கவா?

இப்போதைக்கு விற்க வேண்டாம் அம்மா. முதலில் புதிய ரவுண்ட்வவுண்ட் (உருண்டை இழை சுற்றிய, பளிச்சென்று ஒலிக்கும்) கம்பி போட்டு, வலது கையை பிரிட்ஜ் பக்கம் நகர்த்தி மீட்டிப் பாருங்கள். பாதி ஆசை அங்கேயே தீரலாம். மோட்டவுன் பாடல்களுக்கு வாசித்த பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன், ஃப்ளாட்வவுண்ட் (தட்டை இழை சுற்றிய, மந்தமாக ஒலிக்கும்) கம்பி போட்ட பிரிசிஷனைத்தான் ஸ்டுடியோவில் பயன்படுத்தினார். உங்கள் பேஸில் இருப்பது ரவுண்டா, ஃப்ளாட்டா என்று பார்த்தீர்களா? அதற்குப் பிறகும் ஜாஸ்தான் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். ஆனால் புதியதை வைத்து உங்கள் டிரம்மரோடு இரண்டு மாதமாவது வாசித்த பிறகு பழையதை விற்பதைப் பற்றி யோசியுங்கள்.