நியாயம் கேக்குறவங்க கடைய எரிக்கலாமா?

கேள்வி: 2020-ல ஜார்ஜ் ஃப்ளாய்டுங்கிற கறுப்பினத்தவர போலீஸ் கொன்னப்ப அமெரிக்காவுல கடைய எல்லாம் எரிச்சாங்களே, நியாயம் கேக்குறவங்க அமைதியாதானே கேக்கணும்? அதுவும் கொரோனா நேரத்துல கூட்டம் கூடலாமா?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: கடைய எரிச்சது தப்புதாங்க, அதுல ரெண்டு பேச்சே இல்ல. ஃப்ளாய்டோட கழுத்துல போலீஸ் முட்டிய வச்சு கொன்ன ஊரு மினியாபொலிஸ், அங்க லேக் ஸ்ட்ரீட்ல எரிஞ்ச கடைங்கள்ல நிறைய, பொழைக்க வந்த வெளிநாட்டுக்காரங்களோடது, அவங்க யாரு கழுத்துலயும் முட்டிய வைக்கல. அங்க காந்தி மஹால்னு வங்கதேசத்துக்காரர் ஒருத்தரோட ரெஸ்டாரண்ட், போராட்டத்துல அடிபட்டவங்களுக்கு மருந்து போட எடம் குடுத்தாங்க, அதுவும் எரிஞ்சுபோச்சு. என் கட்டடம் எரிஞ்சா எரியட்டும், நீதி கெடைக்கணும், அந்த போலீஸ்காரங்கள ஜெயில்ல போடுங்கன்னாரு அந்த ஓனர். இத நெனைச்சா இப்பவும் மனசு என்னமோ பண்ணுது. ஆனா அது அவர் கடை, அவர் சொல்லலாம். பக்கத்து கடைய எரியட்டும்னு சொல்ல அவருக்கும் உரிமை இல்ல, எங்கயோ உக்காந்து பேசுற நமக்கும் இல்ல.

அமைதியா கேக்கணும்ங்கிறீங்க பாருங்க, அங்கதான் எனக்கு ஒத்துவரல. முதல்ல, அந்த வருஷ ஊர்வலங்கள்ல பெரும்பாலானது அமைதியாதான் நடந்துச்சு. 1963-ல அமெரிக்காவுல இருக்குற பர்மிங்காம்ல மார்ட்டின் லூதர் கிங்கும் கறுப்பின மக்களோட உரிமைய அமைதியாதான் கேட்டாரு, அதுக்கே புடிச்சு உள்ள போட்டாங்க, எட்டு வெள்ளக்கார மதத் தலைவருங்க வேற இது நேரமில்ல, பொறுங்கன்னு அறிக்கை விட்டாங்க. சத்தம் இல்லாம இருக்குறது ஒண்ணு, நீதி இருக்குறதால வர்ற அமைதி வேறன்னு அவரு ஜெயில்லேர்ந்தே பதில் எழுதுனாரு.

ஜான் ரால்ஸ்ங்கிற அமெரிக்க தத்துவ அறிஞர் சொன்னதும் உங்க பக்கம்தான், சட்டத்த மீறுறதா இருந்தா வெளிப்படையா, வன்முறை இல்லாம, தண்டனைய ஏத்துக்கிட்டு மீறணும்னாரு, ஆனா அது ஓரளவு நியாயமா நடக்குற சமூகத்துக்குன்னு அவரே சொல்லிட்டாரு. ஹார்வர்ட்ல இருக்குற தத்துவப் பேராசிரியர் டாமி ஷெல்பி இன்னும் ஒரு படி மேல போறாரு: உரிய பங்க குடுக்காத அரசாங்கம் அந்த மக்கள்கிட்ட குடிமகனோட கடமைய செய்னு முழுசா கேக்க முடியாது, ஆனா மனுஷனுக்கு மனுஷன் செய்ய வேண்டிய கடமை அப்பவும் போகாது. எனக்கு இதுதான் சரியா படுது, கடைக்காரருக்கு செஞ்சத தப்புன்னும் சொல்லலாம், அதுக்காக அரசாங்கத்த நல்லவனாக்க வேண்டியதில்ல.

ஏன்னா அங்க நடந்தத பாருங்க. ஒரு 20 டாலர் கள்ளநோட்டு சந்தேகம், அதுக்கு ஒரு போலீஸ்காரர் ஃப்ளாய்டோட கழுத்துல முட்டிய வச்சு அழுத்துனது 9 நிமிஷம் 29 செகண்ட். போலீஸோட மொத அறிக்கையில முட்டியப் பத்தி ஒரு வரி இல்ல, ஏதோ உடம்பு சரியில்லாம செத்த மாதிரி எழுதியிருந்தாங்க. 17 வயசு பொண்ணு ஒண்ணு போன்ல எடுத்த வீடியோதான் அத பொய்யாக்குச்சு, 2021-ல கோர்ட்டு கொலைன்னு தீர்ப்பு சொல்லி அந்த போலீஸ்காரருக்கு 22.5 வருஷம் ஜெயில் போட்டுச்சு. வீடியோ இல்லேன்னா, அமைதியா யார்கிட்ட போய் கேட்டிருப்பாங்க?

கொரோனா விஷயத்துல நீங்க கேக்குறது நியாயம். ஆயிரத்துக்கும் மேல சுகாதாரத் துறைக்காரங்க, இனவெறியும் உயிர குடிக்குது, அதனால இந்த போராட்டத்த ஆதரிக்கிறோம்னு லெட்டர் போட்டாங்க, லாக்டவுன எதிர்த்த கூட்டம் மட்டும் வேறன்னாங்க. மாஸ்க் போடுங்க, தள்ளி நில்லுங்கன்னு எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லியிருக்கணும், அப்பா அம்மா சாவுக்கே போகாம கட்டுப்பட்டு இருந்தவங்களும் அத படிச்சாங்கதானே.