கேள்வி–பதில்: கடைசி வாங்கில் இருப்பவருக்கு

கேள்வி: ஐயா, நான் உப்புவெளிப் பக்கம், வயது 43. குடித்துக் குடித்தே வீட்டைக் கெடுத்தவன். மனைவியின் தாலிக்கொடியை ஈடு வைத்து மீட்காமலே விட்டேன். இப்போது 8 மாதமாகத் தொடவில்லை. ஞாயிறு ஆராதனைக்குப் போய்க் கடைசி வாங்கில் இருப்பேன், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து தொடங்கும்போது எழுந்து வெளியே வந்துவிடுவேன். ‘அபாத்திரமாய்’, அதாவது தகுதியில்லாமல், புசிக்கிறவன் குற்றவாளி என்ற வசனம் என்னைத்தான் சொல்கிறது. நான் எப்போது பாத்திரவான் ஆவேன்?
– பெயர் வேண்டாம், திருகோணமலை

பதில்: தம்பி, அந்த வசனத்துக்குப் பயந்து எழுந்து போகிற பலரை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கும் ஒவ்வொரு முறையும் மனம் வலிக்கும். 1 கொரிந்தியர் 11ஐ 20ஆம் வசனத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். கொரிந்து சபையில் வசதியானவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், சிலர் வெறிகொள்ளுமட்டும் குடித்தார்கள், இல்லாதவர்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சபைக்கு இந்தக் கடிதத்தை எழுதிய பவுலுக்குக் கோபம் வந்தது அதற்குத்தான். ‘அபாத்திரமாய்’ என்று அவர் சொல்வது அப்படிச் சாப்பிட்ட விதத்தை. வாழ்க்கையில் விழுந்து எழும்பி அழுதுகொண்டு வருகிறவனைப் பந்தியிலிருந்து கிளப்புவதற்கு அவர் அதை எழுதவில்லை. அடுத்த வசனத்தையும் விட்டுவிடாதீர்கள்: ஒருவன் தன்னைத்தானே சோதித்தறிந்து இந்த அப்பத்தில் புசிக்கக்கடவன் என்கிறது. சோதித்தறிந்துவிட்டு வீட்டுக்குப் போ என்று அங்கே இல்லை. நீங்கள் 8 மாதமாகச் சோதித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?

நீங்கள் கடற்கரை ஆள், அதனால் மீன்பிடிக்காரராயிருந்த சீடர் பேதுருவைச் சொல்கிறேன். இயேசுவைப் பிடித்துக் கொண்டுபோன இரவு பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்பு எரிந்தது, குளிருக்கு அதன் பக்கத்தில் நின்றபடிதான் பேதுரு இயேசுவைத் தெரியாது என்றார் (யோவான் 18). அப்புறம் 21ஆம் அதிகாரத்தில், இரவு முழுக்க வலை போட்டும் ஒன்றும் படாமல் விடியும் நேரம், உயிர்த்தெழுந்து கரையில் நின்ற இயேசு சொன்னபடி போட்டதும் 153 பெரிய மீன்கள். கரைக்கு வந்தால் அங்கேயும் கரிநெருப்பு, மேலே மீன், பக்கத்தில் அப்பம். அந்தப் புகை மணம் பேதுருவுக்கு எதை நினைவூட்டியிருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். ஆனால் இயேசு அவர்களைக் கூப்பிட்டது ‘வாருங்கள், சாப்பிடுங்கள்’ என்றுதான். ‘நீ என்னை நேசிக்கிறாயா?’ என்ற கேள்வி வந்தது சாப்பிட்டு முடிந்த பிறகு. மூன்று தடவை மறுதலித்தவனிடம் மூன்று தடவை கேட்டார், பேதுருவுக்கு அது நொந்தது, உண்மைதான், ஆனாலும் வயிறு நிறைந்த பிறகே கேட்டார்.

கிருபை என்று சபை சொல்வது இந்த ஒழுங்கைத்தான். நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று ரோமர் 5:8 சொல்கிறது, நாம் திருந்திய பிறகு என்று சொல்லவில்லை. நீங்கள் கேட்ட ‘எப்போது’ என்பதற்கு என்னிடம் திகதி கிடையாது, ஏனென்றால் பந்தியில் இருக்கிற எவருக்கும் அப்படி ஒரு நாள் வந்ததில்லை. எனக்கும் வரவில்லை. திருவிருந்துக்கு முன் நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்தைக் காதுகொடுத்துக் கேளுங்கள், மேசைக்குக் கீழே விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரர் அல்ல என்றுதான் முன் வாங்கில் இருப்பவரும் சொல்கிறார்.

தாலிக்கொடி விஷயம் வேறு, அது மனைவிக்கு நீங்கள் பட்ட கடன். வரி வசூலித்துப் பணம் சேர்த்த சகேயுவின் வீட்டுக்கு இயேசு முதலில் போனார், அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காய்த் திருப்பிக் கொடுக்கிறேன் என்ற பேச்சு அதற்குப் பிறகு வந்தது. நீங்களும் மாதம் ஒரு தொகையை எடுத்து மனைவியின் கையிலேயே கொடுங்கள். அடுத்த திருவிருந்துக்கு முன் போதகரைத் தனியாகச் சந்தித்து இதையெல்லாம் வாய் திறந்து சொல்லுங்கள். அன்றைக்கு வாங்கை விட்டு எழும்பும்போது வாசல் பக்கம் திரும்பாமல் முன்னே போங்கள் தம்பி.

கேள்வி: எங்கள் அம்மாவை 14 வருடம் நான்தான் பார்த்தேன். எட்டியும் பார்க்காத அண்ணன், சாகக் கிடந்தபோது ஞானஸ்நானம் எடுத்தார், எல்லோரும் ‘கிருபை, கிருபை’ என்று மகிழ்ந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இது பாவமா?
– ஒரு சகோதரி, உவர்மலை

பதில்: தங்கச்சி, கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம். மத்தேயு 20இல் விடியற்காலையிலிருந்து வெயிலில் வேலை செய்தவர்களும் முறுமுறுத்தார்கள், ஒரு மணி நேரம் செய்தவனுக்கும் அதே ஒரு பணம் கிடைத்ததே என்று. எஜமான் அவர்களை விரட்டவில்லை, ‘சிநேகிதனே’ என்று கூப்பிட்டுத்தான் பேசினார்.

உப்புவெளியில் ஒரு காலை கரைவலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மீன் சேரும் மடி, வலையின் பை, கரைக்கு வந்துவிட்ட நேரத்தில் ஒரு முதியவர் நடுங்கும் கையோடு வந்து கயிற்றைத் தொட்டார், இழுத்தார் என்று சொல்ல முடியாது. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அவருடைய பையில் இரண்டு கை மீன் அள்ளிப் போட்டார். இரண்டு மணி நேரம் இழுத்த பையன் ஒருவன் முகத்தைச் சுளித்தான், அவனுடைய பங்கில் ஒரு மீனும் குறையவில்லை. அந்தப் பையனை நான் குற்றம் சொல்ல மாட்டேன், அவனுடைய உள்ளங்கை கயிறு அறுத்துச் சிவந்திருந்தது. உங்கள் கையும் அப்படித்தான். அந்த 14 வருடத்தை ஆண்டவரிடமே சொல்லி அழுங்கள், கோபத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். கெட்டகுமாரன் கதையில், சொத்தை அழித்துத் திரும்பிய தம்பிக்கு விருந்து வைத்ததால் கோபித்து உள்ளே வராமல் நின்ற மூத்த மகனுக்காகவும் தகப்பன் வெளியே வந்து வருந்தி அழைத்தார். அவன் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை.