சுகர், பிபி இருப்பவர் டார்க் சாக்லேட்டை மருந்துபோலச் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 58. சுகர், பிபி இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். ஊட்டி போயிருந்தபோது ஒரு கடையில், “டார்க் சாக்லேட் தினமும் சாப்பிட்டால் பிபி இறங்கும், சுகர்காரர்களுக்கும் நல்லது” என்றார்கள். ஒரு கிலோ வாங்கி வந்துவிட்டேன். தினமும் சாப்பிடலாமா? பிபி மாத்திரையைப் பாதியாக்கலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: மாத்திரையில் கை வைக்காதீர்கள்.

கடைக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. கோகோவில் ஃபிளவனால் என்ற பொருள் இருக்கிறது. அது ரத்தக்குழாயைக் கொஞ்சம் தளர்த்தும். ஆனால் எவ்வளவு? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-ல் 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பிபி சராசரியாக இரண்டு புள்ளிகூடக் குறையவில்லை. 150 இருந்தால் 148, அவ்வளவுதான். சாதாரண பிபி மாத்திரை ஒன்று மேல் எண்ணை எட்டு, பத்து வரை இறக்கும். 2022-ல் வெளியான அமெரிக்காவின் ‘காஸ்மோஸ்’ ஆய்வில் 21,000 பேருக்கு மேல் பங்கேற்றார்கள். இதய நோயால் இறப்பது குறைந்தது என்ற பகுதி மட்டும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கில் உறுதியான பலன் தெரியவில்லை என்பதை யாரும் அனுப்புவதில்லை. அதில் கொடுத்ததும் சாக்லேட் இல்லை, கோகோ சாறு அடைத்த கேப்ஸ்யூல்.

சரி, உங்கள் ஒரு கிலோவுக்கு வருவோம். எடைபோட்டு விற்கும் சாக்லேட்டில் பலவும் ‘காம்பவுண்ட்’. கோகோ வெண்ணெய்க்குப் பதில் மலிவான தாவரக் கொழுப்பு சேர்த்த பாளம். உருக்கி அச்சில் ஊற்றினால் ‘ஹோம்மேட்’ ஆகிவிடும். கறுப்பாக இருந்தால் நல்லது என்று நம்பாதீர்கள். காரப்பொருள் (அல்கலி) சேர்த்துப் பதப்படுத்தினால் கோகோ இன்னும் கறுக்கும், கூடவே ஃபிளவனாலும் பெருமளவு போய்விடும். பாக்கெட் சாக்லேட் என்றால் பின்பக்கம் பாருங்கள். அதிகம் உள்ள பொருள்தான் முதலில் வரும். அங்கே சர்க்கரை என்றிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். ஃபிளவனால் எவ்வளவு என்று அச்சிட நம் சட்டம் கேட்பதில்லை. மற்றதையும் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டும். யாரிடம் போய்ச் சொல்ல!

அப்புறம் ‘டயபெட்டிக் சாக்லேட்’ என்று குடியிருப்புக் குழுக்களில் ஆர்டர் பிடிக்கிறார்களே, அவர்களிடம் இன்னும் கவனமாக இருங்கள். சர்க்கரைக்குப் பதில் பெரும்பாலும் மால்டிடால் என்ற இனிப்பூட்டி இருக்கும். அதுவும் ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும். கூடுதலாகச் சாப்பிட்டால் வயிற்றைக் கலக்கிவிடும். விலை மட்டும் இரண்டு, மூன்று மடங்கு.

ஒரே ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வையுங்கள். உங்கள் சுகர் மாத்திரைச் சீட்டில் கிளிமிபிரைடு என்ற பெயர் இருக்கிறதா? இருந்தால், அல்லது இன்சுலின் போடுபவரானால், என்றாவது கை நடுங்கி, வியர்த்து, ‘லோ சுகர்’ ஆகலாம். அந்த நேரத்தில் சாக்லேட்டைத் தேடாதீர்கள். இனிப்புதானே என்று தோன்றும். ஆனால் சர்க்கரை ரத்தத்தில் சேர்வதை அதிலுள்ள கொழுப்பு தாமதமாக்கும். டார்க் சாக்லேட்டில் சர்க்கரையே குறைவு. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், அல்லது குளுக்கோஸ் பொடி. கால் மணி நேரம் கழித்து அளந்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சட்டைப்பையில் சாக்லேட்டை ‘பாதுகாப்புக்கு’ வைத்துக்கொண்டு திரிபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

சாப்பிடவே ஆசை என்றால், 70 சதவீதத்துக்கு மேல் கோகோ உள்ளதில் 20 கிராம், வாரம் இரண்டு, மூன்று நாள். அதில் ஏறத்தாழ 120 கலோரியும் ஒரு டீஸ்பூன் சர்க்கரையும் இருக்கும். மாலை பஜ்ஜிக்குப் பதிலாகச் சாப்பிடுங்கள், பஜ்ஜிக்கு மேல் அல்ல.

ஒருவேளை மாத்திரையை ஏற்கெனவே பாதியாக்கிவிட்டீர்கள் என்றால், இன்றே பழைய அளவுக்குத் திரும்புங்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் பிபி அளந்து எழுதி, அந்தத் தாளோடு உங்கள் டாக்டரைப் பாருங்கள்.