ஜிபி வாட்ஸ்அப் முடங்கிவிட்டது: அப்பாவின் குரல் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: ஈசூனில் இருக்கிறேன். சிங்கப்பூர் எண், ஊர் எண் இரண்டையும் ஒரே ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைத்துக்கொள்ள நண்பர் ஜிபி வாட்ஸ்அப் (வாட்ஸ்அப்பை வெளியார் யாரோ மாற்றி எழுதிய செயலி) ஏற்றித் தந்தார். நேற்று 'தற்காலிகத் தடை' என்று வந்து, மணிக்கணக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. மறைந்த அப்பா அனுப்பிய குரல்பதிவுகள் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்வது?

பதில்: பதற்றத்தில் அந்தச் செயலியை அழித்துவிடாதீர்கள். இப்போதே ஃபைல்ஸ் பகுதியில் ஜிபி வாட்ஸ்அப் ஃபோல்டரைத் தேடி, அப்படியே கணினிக்கு ஒரு நகல் எடுங்கள். குரல்பதிவுகள் அதற்குள் தனித்தனிக் கோப்புகளாகவே கிடக்கும். உரையாடல் திரும்பாவிட்டாலும் அப்பாவின் குரல் தப்பிவிடும்.

தடையின் மணிக்கணக்கு பூஜ்யத்துக்கு வந்ததும் ஜிபி-க்குள் போய் 'சாட்ஸ்' பகுதியில் பேக்கப் எடுங்கள். பிறகு அந்த ஃபோல்டரை விரலால் அழுத்திப் பிடித்து, பெயரிலுள்ள 'ஜிபி'யை நீக்கி வெறும் வாட்ஸ்அப் ஆக்குங்கள். பிளே ஸ்டோரிலிருந்து அசலை இறக்கி எண்ணை உறுதிசெய்தால், பேக்கப் கண்ணில் பட்டதும் அதுவே கேட்கும், 'ரீஸ்டோர்' கொடுங்கள். மறுபடி ஜிபி பக்கம் போனால் தடை நிரந்தரமாகலாம்.

செய்திச் சேவை நடத்தும் நிறுவனங்களுக்கும் அதற்குள் நுழையும் வெளிச் செயலிகளுக்கும் நடக்கும் இந்தச் சண்டை பழையது. 1999இல் மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் மெசஞ்சர், போட்டி நிறுவனமான ஏஓஎல்லின் அரட்டைச் சேவைப் பயனாளர்களோடு பேச வழி செய்தது. ஏஓஎல் அடைத்தது, மைக்ரோசாஃப்ட் வேறு வழி கண்டது, மறுபடி அடைத்தார்கள். 2002இல், பல அரட்டைச் சேவைகளை ஒன்றாக இணைத்த ட்ரில்லியன் செயலிக்கும் ஏஓஎல்லிடம் அதே கதி. 2023 டிசம்பரில், ஆப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்குக் கொண்டுவந்த பீப்பர் மினி செயலியை ஆப்பிள் சில நாள்களிலேயே முடக்கியது. சர்வர் அவர்களுடையது, சாவியும் அவர்களிடம். பாதுகாப்புக்காக என்பார்கள், அதில் பாதி வியாபாரம் என்பது என் கணிப்பு.

ஆனால் ஜிபி விஷயத்தில் பாதுகாப்புக் காரணம் சரிதான். மறையாக்கம், அதாவது செய்தியைப் பூட்டி அனுப்பும் முறை, காப்பது வழியில் போகும் செய்தியை. உங்கள் கையிலுள்ள செயலி பூட்டைத் திறந்துதான் செய்தியைக் காட்டுகிறது. அதை எழுதியவர் யாரென்றே தெரியாதபோது, வேறு யார் படிக்கிறார்கள் என்பதும் தெரியாது. அதே கைப்பேசியில் வங்கிச் செயலியும் இருக்குமே! கணக்கில் ஏதாவது சந்தேகமாகத் தெரிந்தால் உடனே வங்கியை அழையுங்கள். ஆலோசனைக்கு, மோசடித் தடுப்புக்கான சிங்கப்பூரின் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799 இருக்கிறது.

இரண்டு எண்ணுக்காக இத்தனை பாடு தேவையில்லை. ஆண்ட்ராய்டில் அசல் வாட்ஸ்அப்பே 2023 முதல் இரண்டு கணக்கு வைத்துக்கொள்ள விடுகிறது. அமைப்புகளில் உங்கள் பெயரருகே உள்ள அம்புக்குறியைத் தொட்டால் போதும். ஊர் சிம்முக்கு ரீசார்ஜ் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். ஆறிலக்கக் குறியீடு அதற்குத்தான் வரும்.