பிபிக்குப் பயந்து உப்புக்கண்டத்தில் உப்பைக் குறைக்கலாமா?

கேள்வி: மாமியாருக்கு மதுரைப் பக்கம். வருஷா வருஷம் ஆட்டுக்கறியில் உப்புக்கண்டம் போடுவார். கணவருக்கு பிபி இருப்பதால் இந்த முறை நானே போட்டேன். உப்பைப் பாதியாகக் குறைத்து, மாடித் தொட்டியில் விளைந்த மஞ்சளையும் மிளகாயையும் தாராளமாக அரைத்துப் பூசினேன். நடுவில் இரண்டு நாள் மழை மூட்டம். இப்போது கறி மேல் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது, லேசான வாடையும் வருகிறது. துடைத்துவிட்டு நன்றாகப் பொரித்தால் சாப்பிடலாமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: வேண்டாம் அம்மா. அப்படியே ஒரு கவரில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். நாய், பூனைக்கும் வைக்காதீர்கள். ஆட்டுக்கறி விற்கிற விலைக்கு மனசு வராதுதான். ஆனாலும் இதில் யோசிக்க இடமில்லை.

கறி மேல் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூஞ்சை இல்லை. சில நேரம் உப்பே பூத்து நிற்கும். விரலில் தேய்த்தால் நறநறவென்று இருக்கும், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். பஞ்சு மாதிரி படர்ந்திருந்தால் அது பூஞ்சை. நீங்கள் வாடையும் வருகிறது என்கிறீர்கள். அப்புறம் சந்தேகமே வேண்டாம்.

பொரித்தால் கிருமி செத்துவிடும், அது சரி. ஆனால் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி நம் கையிலும் மூக்கிலும் சாதாரணமாகவே இருக்கும். மற்ற கிருமிகள் தாங்காத உப்பையும் அது தாங்கும். ஈரக்கறியில் அது பெருகும்போது விடும் நச்சு, கொதிக்கிற எண்ணெய்க்கும் எளிதில் அழியாது. சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுப் பிடிப்பு வருவது பெரும்பாலும் இதனால்தான். ஏற்கெனவே யாராவது ருசி பார்த்திருந்து, கண் இமை தொங்குவது, பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, விழுங்க முடியாமல் போவது என்று ஏதாவது இருந்தால் உடனே 108-க்கு அழையுங்கள். அது வேறொரு கிருமி விடும் நச்சால் வரும் பாட்டுலிசம் என்ற நோயாக இருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் உயிருக்கே ஆபத்து. அரைகுறையாகக் காய்ந்த கறியை எண்ணெயில் மூழ்க வைத்து ஜாடியில் மூடுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்: காற்றில்லாத இடம்தான் அந்தக் கிருமிக்கு வசதி.

உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் உப்புக்கண்டத்தில் உப்பு ருசிக்காகப் போடுவதல்ல. கறியில் இருக்கும் ஈரத்தை இழுத்து, கிருமிக்குத் தண்ணீர் கிடைக்காமல் செய்வது அதுதான். மஞ்சளும் மிளகாயும் அந்த வேலையைச் செய்யாது, எவ்வளவு பூசினாலும், நம் வீட்டுத் தொட்டியிலேயே விளைந்ததானாலும். அதனால் மாமியார் போடும் அளவைக் குறைக்காதீர்கள். குறைக்க வேண்டியது தட்டில் விழும் துண்டுகளை.

கணக்கைப் பாருங்கள். 1 கிலோ கறிக்கு 50 கிராம் உப்பு என்று வைத்துக்கொள்வோம். காய்ந்தபின் கறி 400 கிராம் அளவுக்கு வற்றிவிடும். கொஞ்சம் உப்பு நீரோடு வடிந்தாலும், 40 கிராம் உப்புக்கண்டத்தில் 5 கிராம் உப்புக்குப் பக்கத்தில் இருக்கும். ஒருவர் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடும் உப்பே 5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அடுத்து வெயில். மதுரைப் பக்கம் காற்றில் ஈரம் குறைவு, கறி சீக்கிரம் சுக்காகிவிடும். சென்னையில் வெயில் கொளுத்தினாலும் கடல்காற்று ஈரத்தோடு வரும். அதனால் போடுவதாக இருந்தால் சித்திரை, வைகாசியில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே வேண்டாம். கொழுப்பை நீக்கி, விரல் பருமனைவிட மெல்லிசாக அரிந்து, உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் உள்ளே சிவப்பு தெரியாத அளவுக்கு வேகவிட்டு வடித்து, அப்புறம் ஊசி நூலில் கோத்துக் காயப்போடுங்கள். மாமியார் இதை ஒப்புக்கொள்ள மாட்டார், ருசியும் கொஞ்சம் மாறும். ஆனால் இந்த ஊருக்கு இதுதான் பத்திரம். ஈ மொய்க்காமல் கொசுவலை கட்டுங்கள். சாயங்காலமானால் மாடியிலேயே விடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். வளைத்தால் படக்கென்று விரிசல் விட வேண்டும். காய்ந்ததை ஃபிரீசரில் வைத்துக்கொள்ளலாம்.

மாடித் தோட்டத்து மிளகாயையும் இதே கண்ணோடு பாருங்கள். மழை மூட்டத்தில் காயவைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். ஒன்றிரண்டைக் கிள்ளி விதைப் பக்கம் பாருங்கள், கறுத்திருந்தால் அந்த ஈட்டையே தள்ளிவிடுங்கள். அந்தப் பூஞ்சை விடக்கூடிய அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சு வறுத்தாலும் முழுசாகப் போகாது, கல்லீரலைக் கெடுக்கும்.

கணவர் உப்புக்கண்டத்தை அடியோடு விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிபி மாத்திரையால் கட்டுக்குள் இருந்தால் எப்போதாவது இரண்டு மூன்று சின்னத் துண்டுகள் போதும். வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உங்கள் தொட்டிக் கத்திரிக்காயோ முருங்கைக்காயோ நிறையப் போட்டுக் குழம்பு வையுங்கள். தனியாக உப்பு போட வேண்டாம், கறியில் இருப்பதே இறங்கிவிடும். அன்றைக்கு அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய் கூடாது. உப்புப் போட்டுப் பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் தின்பது பெருங்குடல் புற்றுநோய்க்கு வழிவிடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் வகைப்படுத்தியது. ஆகவே வீட்டில் யாருக்குமே அது தினசரிப் பண்டமாக வேண்டாம்.

இந்துப்புக்கு மாறினால் பரவாயில்லையா என்று பலர் கேட்கிறார்கள். அதிலும் பெரும்பகுதி அதே சோடியம்தான். சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சில பிபி மாத்திரைகளோடு சேர்ந்தாலோ, சிறுநீரகம் பழுதாகியிருந்தாலோ அது ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். கணவருடைய மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டிக் கேட்காமல் அதை வாங்காதீர்கள்.